பலெர்மோவில் ஒரு நடன இரவைத் தேடி

பலெர்மோவின் பழைய நகருக்குள் கிரோச்சே தெய் வெஸ்ப்ரி என்றொரு சிறிய சதுக்கம் உண்டு. 1282இல் சிசிலி மக்கள் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தபோது வெட்டுப்பட்டு மாண்ட பிரெஞ்சுக்காரர்களின் நினைவாக அங்கே ஒரு தூணும் சிலுவையும் நிற்கின்றன. சதுக்கத்துக்குப் பெயர் வந்தது அதனால்தான். ஆனால் கையில் கேமராவோடு வரும் வெளிநாட்டுப் பயணிகள் அண்ணாந்து பார்ப்பது தூணுக்கு எதிரே நீண்டு கிடக்கும் மாளிகையை. அதன் பெயர் பலாட்ஸோ வல்குவார்னேரா கான்ஜி. வெளிச்சுவரைப் பார்த்தால் நிறம் மங்கிய பழைய பெரிய வீடு, அவ்வளவுதான். உள்ளே கண்ணாடிகள் பதித்த ஒரு கூடம் இருக்கிறது. 1962 கோடையில் அந்தக் கூடத்தில் நடந்த ஒரு நடன விருந்து, உலக சினிமாவின் மிகப் பெரிய காதல் காட்சிகளில் ஒன்றாகிவிட்டது.

படம் 'தி லெப்பர்ட்'. இத்தாலிய இயக்குநர் லுக்கினோ விஸ்கோன்ட்டி எடுத்தது. 1963இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது பெற்றது. இத்தாலியப் படம் என்றே எல்லோரும் சொன்னாலும், அதன் பாதி உயிர் ஆங்கிலத்தில்தான் இருந்தது. சலீனா கோமகனாக நடித்த அமெரிக்க நட்சத்திரம் பர்ட் லங்காஸ்டர் படப்பிடிப்பில் ஆங்கிலத்தில் பேசினார். மருமகன் தாங்க்ரேதியாக வந்த அலென் டெலோன் பிரெஞ்சுக்காரர். ஆஞ்சேலிக்காவாக வந்த க்ளோடியா கார்டினாலே, துனிஸில் குடியேறிய சிசிலிக் குடும்பத்தில் பிறந்து பிரெஞ்சு பேசி வளர்ந்தவர். டெலோனிடம் பிரெஞ்சில், லங்காஸ்டரிடம் ஆங்கிலத்தில் என்று மாறி மாறிப் பேசித்தான் அவர் அந்தக் காதலை நடித்தார். இத்தாலியப் பதிப்பில் லங்காஸ்டருக்கு வேறொருவர் குரல் கொடுத்தார். அவருடைய சொந்தக் குரல் ஒலித்தது ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஆங்கிலப் பதிப்பில். அந்தப் பதிப்பை நிறுவனம் 161 நிமிடமாக வெட்டியது; வண்ணமும் கெட்டுப் போயிருந்தது. விஸ்கோன்ட்டி அதைத் தன் படமாகவே ஏற்கவில்லை. மூன்று மணி நேர முழுப் படத்தை அமெரிக்க ரசிகர்கள் திரையரங்கில் பார்க்க 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

படத்தின் கதை எளியது. 1860இல், இத்தாலியை ஒன்றிணைக்கப் போரிட்ட கரிபால்டி தன் செஞ்சட்டைப் படையோடு சிசிலியில் இறங்குகிறார். பழைய பிரபு வம்சம் ஒன்று, தன் காலம் முடிந்ததை உணர்கிறது. அந்த வீட்டுப் பையன் தாங்க்ரேதி, புதுப் பணக்காரரின் மகள் ஆஞ்சேலிக்காவைக் காதலித்து மணக்கப் போகிறான். சலீனா கோமகனுக்கும் அந்தப் பெண்மேல் சொல்ல முடியாத ஒரு வாஞ்சை. இறுதியில் வரும் நடன விருந்தில் அவள் கேட்டுக்கொண்டதற்காக அவர் அவளோடு ஒரு வால்ட்ஸ் ஆடுகிறார். அறையே ஒதுங்கி நின்று பார்க்கிறது.

இந்த விருந்து திரையில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஓடும். எடுத்த விதம் தனிக் கதை. சிசிலியின் ஆகஸ்ட் வெயிலில் பகலில் அந்தக் கூடத்துக்குள் நிற்க முடியாது. அதனால் இரவில் படம்பிடித்தார்கள். சரவிளக்குகளில் எரிந்தவை நிஜ மெழுகுவத்திகள். அவை உருகி வழிய வழிய மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஆடை வடிவமைப்பாளர் பியேரோ தோசி தைத்துக் கொடுத்த கனத்த உடைகளுக்குள் நடிகர்கள் வியர்த்து நனைந்தார்கள். ஆண்களின் வெள்ளைக் கையுறைகள் கறைபட்டுப் போனதால், அவற்றைத் துவைத்துக் கொடுக்கவே மாளிகையில் ஒரு சலவைப் பிரிவு வைத்தார்கள் என்று படக்குழுவினர் பிற்பாடு நினைவுகூர்ந்தார்கள். விருந்தினர்களாக வந்தவர்களில் பலர் பலெர்மோவின் உண்மையான பிரபு குடும்பத்தினர். தங்கள் கொள்ளுப்பாட்டன் காலத்து நடனத்தை, அதே வகை அறையில், அதே வகை உடையில் அவர்கள் மறுபடி ஆடினார்கள். வால்ட்ஸ் இசைகூடப் பழையதுதான்: ஓபரா இசையமைப்பாளர் வெர்தி எழுதி அச்சேறாமல் கிடந்த கைப்பிரதி ஒன்று கிடைத்தது; படத்தின் இசையமைப்பாளர் நீனோ ரோத்தா அதற்கு வாத்தியக் குழு வடிவம் கொடுத்தார்.

இவ்வளவு செலவு செய்தது தித்தானுஸ் என்ற தயாரிப்பு நிறுவனம். படம் புகழ் பெற்றது. நிறுவனம் கடனில் மூழ்கியது.

விஸ்கோன்ட்டி மிலானின் பிரபு வம்சத்தில் பிறந்து கம்யூனிஸ்ட் ஆனவர். மேசை விரிப்பின் மடிப்பு வரை நிஜமாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். அப்படிப்பட்டவர் இந்த மாளிகையைத் தேர்ந்ததற்கு ஒரு சோகமான காரணமும் உண்டு. கதை பிறந்த வீடு அப்போது இல்லை.

மூல நாவலை எழுதியவர் ஜூசெப்பே தொமாசி தி லம்பெதூசா. 1896 டிசம்பரில் பலெர்மோவில் பிறந்தவர். அவரும் ஒரு கோமகன். குடும்ப மாளிகையான பலாட்ஸோ லம்பெதூசா, நகரத்துக்குள்ளேயே, கடற்கரைக்கு அருகில் இருந்தது. பிறந்த அறையிலேயே இறக்க வேண்டும் என்று விரும்பும் அளவுக்கு அந்த வீட்டின்மேல் அவருக்குப் பற்று. 1943 ஏப்ரல் 5 அன்று அமெரிக்க விமானங்கள் வீசிய குண்டில் அது இடிந்து விழுந்தது. அந்த ஆண்டு பலெர்மோவின் பழைய நகரில் தேவாலயங்களும் மாளிகைகளும் ஏழைகளின் வீடுகளும் ஒருசேரச் சரிந்தன. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, இழந்த வீட்டின் துக்கம் ஆறாமலே, காப்பிக் கடை மேசைகளில் உட்கார்ந்து அவர் தன் ஒரே நாவலை எழுதினார். இரண்டு பெரிய பதிப்பகங்கள் அதைத் திருப்பி அனுப்பின. 1957 ஜூலையில் ரோமில் அவர் இறந்தார். நாவல் 1958 நவம்பரில் ஃபெல்த்ரினெல்லி வெளியீடாக வந்தது. அடுத்த ஆண்டே இத்தாலியின் ஸ்த்ரேகா பரிசை வென்றது.

நாவலில் நடன விருந்து நடக்கும் மாளிகை கற்பனையானது. அதன் கூரையில் தீட்டியிருக்கும் தேவர்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில், 1862ஆம் ஆண்டுக் கதைக்கு நடுவே, ஆசிரியர் சட்டென்று 1943ஐ நினைவூட்டுகிறார்: அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் செய்யப்பட்ட ஒரு குண்டு அந்தக் கூரைக்காகக் காத்திருக்கிறது. இதைப் படித்துவிட்டுக் கான்ஜி மாளிகைக் கூடத்தில் நிற்கிறவருக்கு, தலைக்குமேல் முழுசாக நிற்கும் சித்திரக் கூரை வேறு மாதிரித் தெரியும். குண்டுக்குத் தப்பிய வீடு, தப்பாத வீட்டுக்காக நடித்திருக்கிறது. அது இன்றும் தனியார் வீடு. முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு செய்துகொண்டால்தான் உள்ளே போக முடியும். காதல் படம் எடுத்த இடத்தைப் பார்க்க வந்தவர் இப்படியொரு மரணச் செய்தியோடு திரும்புவது பலெர்மோவில் மட்டுமே நடக்கும் என்று தோன்றுகிறது.

லம்பெதூசா கடைசி ஆண்டுகளில் வாழ்ந்த வீடு சதுக்கத்திலிருந்து நடக்கும் தொலைவில், பூத்தேரா தெருவின் 28ஆம் எண்ணில் இருக்கிறது. பின்புறத்தில் கடல். பழைய வீட்டின் இடிபாடுகளிலிருந்து மீட்ட புத்தகங்கள் இங்கே வந்து சேர்ந்தன. அவர் தத்தெடுத்த மகன் ஜோவாக்கினோ லன்ஸா தொமாசி, பெயர்பெற்ற இசையறிஞர். தாங்க்ரேதியின் சாயலுக்கு மூலம் அவர்தான் என்று சொல்வார்கள். 2023இல் காலமானார். அந்த மாளிகையைப் பழுதுபார்த்துக் காப்பாற்றியது அவர் குடும்பம். அதன் சில பகுதிகளில் பயணிகள் வாடகைக்குத் தங்கலாம். நாவலின் கைப்பிரதியை அங்கே பார்க்கலாம்.

பூத்தேரா தெரு இருப்பது கால்சா வட்டாரத்தில். அரபு ஆட்சிக் காலத்தில் உருவான பகுதி. படத்தில் கரிபால்டியின் வீரர்கள் தெருத் தெருவாகப் போரிடும் காட்சியை விஸ்கோன்ட்டி இந்த வட்டாரத்திலும் சுற்றுப்புறத்திலும் எடுத்தார். சான் ஜொவான்னி தெகொல்லாத்தோ சதுக்கம், ஸ்பாசிமோ தேவாலயத்தின் அருகிலுள்ள வித்தோரியா சதுக்கம் ஆகியவை அந்த இடங்களில் சில. தார்ச் சாலையின்மேல் மண் கொட்டினார்கள். கூரைகளிலிருந்து தொலைக்காட்சி ஆன்டெனாக்களைக் கழற்றினார்கள். இரும்புக் கதவுகளை மறைத்து மரக்கதவுகள் வைத்தார்கள். இடிந்த சுவர்களுக்கு மட்டும் பஞ்சமே இல்லை: போர் முடிந்து 17 ஆண்டுகள் ஆகியும் கால்சாவில் குண்டு விழுந்த வீடுகள் விழுந்தபடியே கிடந்தன. 1943இன் அழிவு திரையில் 1860இன் அழிவாக மாறியது.

அதே மாதங்களில் நகரின் மறுபக்கத்தில் இன்னொரு அழிவு நடந்துகொண்டிருந்தது. இத்தாலியர்கள் அதை 'பலெர்மோ சூறை' என்கிறார்கள். சால்வோ லீமா மேயர். வீத்தோ ச்சான்ச்சிமினோ பொதுப்பணிப் பொறுப்பாளர். இருவருக்கும் மாஃபியாவோடு இருந்த உறவு பின்னாளில் அம்பலமானது. கட்டட அனுமதிகள் ஆயிரக்கணக்கில் பறந்தன. அவற்றில் பெரும்பகுதி விரல்விட்டு எண்ணக்கூடிய சில பினாமிகளின் பெயரில். லிபெர்த்தா சாலையின் இருபுறமும் நின்ற அழகான வில்லாக்களை இடித்து அடுக்குமாடிகள் எழுந்தன. நகரைச் சுற்றிக் 'கொன்கா தோரோ' என்று, பொன்னால் ஆன கிண்ணம் என்ற பொருளில், புகழ்பெற்ற எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புகளைக் கான்கிரீட் விழுங்கியது. படத்தின் தொடக்கத்தில் சலீனா குடும்பம் ஜெபம் சொல்லும் வீடு நகரின் வடக்கே உள்ள வில்லா பொஸ்கோகிராந்தே. இன்று அது கல்யாண விருந்துகளுக்கு வாடகைக்கு விடப்படும் மண்டபம். திரையில் அதைச் சூழ்ந்து தெரியும் வெளியைத் தேடி வருகிறவர்கள் கார்களும் குடியிருப்புகளும் மொய்க்கும் புறநகருக்குள் வந்து நிற்பார்கள். பழைய சிசிலியின் முடிவைப் பற்றி ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தபோதே, சில கிலோமீட்டர் தள்ளி அந்த முடிவு புல்டோசர் வைத்து நிறைவேறிக்கொண்டிருந்தது.

கதையில் காதலர்கள் கண்ணாமூச்சி ஆடும் தோன்னாஃபுகாத்தா அரண்மனையைத் தேடுகிறவர்கள் படும் பாடு இன்னும் பெரிது. அந்தப் பெயரில் ரகூசா அருகே நிஜமாகவே ஒரு கோட்டை உண்டு. பலர் அங்கே போய்விடுகிறார்கள். நாவலுக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. லம்பெதூசா மனத்தில் வைத்து எழுதியது, சிறுவயதில் கோடைகாலங்களைக் கழித்த தாய்வழி மாளிகை. சாந்தா மார்கரீத்தா தி பெலிச்சே என்ற ஊரில் இருந்தது. விஸ்கோன்ட்டி படம்பிடித்தது வேறோர் ஊரில்: பலெர்மோவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள சிமின்னா. அங்கே தேவாலயம் சரியாக அமைந்திருந்தது, அரண்மனை இல்லை. கலை இயக்குநர் மாரியோ கர்பூல்யா 45 நாளில் சதுக்கத்தின் ஒரு பக்கம் முழுவதும் அரண்மனை முகப்பைக் கட்டி நிறுத்தினார். படப்பிடிப்பு முடிந்ததும் பிரித்துவிட்டார்கள். உள் அறைகளோ ரோமுக்குப் பக்கத்தில் அரீச்சாவில் உள்ள கீஜி மாளிகை. ஆக, ஆஞ்சேலிக்கா சிமின்னாவில் வாசல்படி ஏறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி, ரோமின் பக்கத்தில் வீட்டுக்குள் நுழைகிறாள். 1968 ஜனவரியில் பெலிச்சே பள்ளத்தாக்கை உலுக்கிய நிலநடுக்கத்தில் சாந்தா மார்கரீத்தா ஊரே விழுந்தது. எழுத்தாளரின் பால்ய மாளிகையும் விழுந்தது. மிஞ்சிய பகுதியைச் செப்பனிட்டு அவர் நினைவாக ஓர் இலக்கியப் பூங்காவும் அருங்காட்சியகமும் வைத்திருக்கிறார்கள்.

கதை நடந்த இடத்தைத் தேடிப் போகும் ஆசை சினிமாவுக்கு முந்தியது. ஜெர்மன் கவிஞர் கதே 1787 ஏப்ரலில் பலெர்மோவுக்கு வந்தார். அப்போது ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்ட மோசடிக்காரன் கால்யோஸ்த்ரோ இந்த ஊர்க்காரன். அவன் குடும்பம் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்கும் ஆவல் தாங்காமல், ஆங்கிலேயர் ஒருவர் என்று பொய் சொல்லிக்கொண்டு, அவர்கள் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார் கதே. பிறகு அது மனத்தை உறுத்தியிருக்க வேண்டும்; அந்த ஏழைக் குடும்பத்துக்குப் பண உதவி அனுப்பினார்.

வெரோனா நகரில் ஜூலியட் வீடு என்று ஒன்று காட்டுகிறார்கள். அங்கே போகாத காதலர்கள் குறைவு. 1905இல் நகராட்சி வாங்கிய பழைய வீடு அது. ஜூலியட் நின்ற பால்கனி என்று இன்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் பால்கனி 1930களின் பிற்பகுதியில்தான் சுவரில் பொருத்தப்பட்டது. ஜார்ஜ் கியூக்கர் இயக்கிய ஹாலிவுட் 'ரோமியோ அண்ட் ஜூலியட்' 1936இல் வெளிவந்து ஓடிக்கொண்டிருந்த காலம். நகர அருங்காட்சியகங்களின் இயக்குநர் அந்தோனியோ அவேனா, படம் பார்த்தவர்கள் எதைத் தேடி வருவார்கள் என்று புரிந்துகொண்டார். படத்தைப் பார்த்து இடத்தைச் செய்தார்கள். ரோமில் 'ரோமன் ஹாலிடே' 1953இல் வெளிவந்தபின், பொய் சொன்னால் கையைக் கடிக்கும் என்று நம்பப்படும் கல்முகத்தின் வாய்க்குள் கைவிடுவதற்காக சாந்தா மரியா இன் கோஸ்மெதின் தேவாலய வாசலில் இன்றுவரை வரிசை நிற்கிறது. நம் ஊரிலும் 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சிக்காகக் கேத்தி ரயில் நிலையத்தில் இறங்கி நிற்கிறவர்கள் உண்டு. 'விண்ணைத்தாண்டி வருவாயா' பார்த்துவிட்டு ஆலப்புழைப் பக்கம் புளிங்குன்று தேவாலயத்துக்குப் படகேறிய இளைஞர்களும் உண்டு. அந்த இடங்கள் பெரும்பாலும் திரையில் கண்டபடியே நிற்கின்றன. பலெர்மோவில் அப்படி இல்லை என்பதுதான் அதன் தனித்தன்மை.

பலெர்மோவில் தமிழர்களுக்கும் ஒரு யாத்திரை உண்டு. 1980களிலிருந்து இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த தமிழர்கள் பலர் இந்த நகரில் குடியேறினார்கள். வீட்டு வேலை, சமையல், முதியோர் பராமரிப்பு என்று உழைத்துப் பிள்ளைகளை வளர்த்தார்கள். பல்லாரோ சந்தைப் பக்கம் நடந்தால் யாழ்ப்பாணத் தமிழ் காதில் விழும். நகரின் காவல் தெய்வம் புனித ரொசாலியா. 1624இல் கொள்ளைநோய் பரவியபோது பெல்லெக்ரீனோ மலைக் குகையில் கிடைத்த அவருடைய எலும்புகள் ஊரைக் காத்ததாக நம்பிக்கை. அந்த மலைக்கு ஞாயிறுதோறும் கத்தோலிக்கத் தமிழர்களோடு சைவத் தமிழர்களும் நடந்து ஏறுகிறார்கள். குகைச் சுவரில் கசியும் நீரைத் தீர்த்தமாகக் கொள்கிறார்கள். கதேயும் 1787இல் இதே குகைக்கு ஏறி வந்து, படுத்த நிலையில் உள்ள ரொசாலியாவின் சிலையைக் கண்டு மெய்ம்மறந்து எழுதினார். சினிமா ரசிகர்களின் வரைபடத்தில் இந்த மலைக்கு இடமில்லை. தமிழ்ப் பயணிக்குக் கட்டாயம் இருக்க வேண்டும்.

கால்சாவுக்கே திரும்புவோம். அங்கே அல்லோரோ தெருவில் உள்ள பலாட்ஸோ அபத்தெல்லிஸ் போரில் அடிபட்டு, கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்ப்பாவின் கையால் 1950களில் அருங்காட்சியகமாக மறுபிறவி எடுத்தது. அதன் ஒரு கூடத்தின் சுவரை முழுக்க அடைத்து நிற்கிறது 'மரணத்தின் வெற்றி' என்ற 15ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம். எலும்புக் குதிரைமேல் வரும் மரணம், உல்லாசமாக இருக்கும் பிரபுக்கள்மேல் அம்பு எய்கிறது. ஸ்க்ளாஃபானி மாளிகைச் சுவரில் இருந்த இந்த ஓவியத்தை, குண்டுவீச்சுக்குப்பின் 1944இல் நான்கு துண்டாக அறுத்தெடுத்துக் காப்பாற்றினார்கள். ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸ் 2008இல் கான் விழாவில் காட்டிய 'பலெர்மோ ஷூட்டிங்' படத்தின் காதல் இந்த ஓவியத்தைச் சுற்றித்தான் பின்னப்பட்டது. பெரும்பகுதி ஆங்கிலத்தில் பேசும் படம் அது. ஜெர்மனியிலிருந்து வரும் புகைப்படக்காரன், ஓவியத்தைப் புதுப்பிக்கும் ஃப்ளாவியாவைச் சந்திக்கிறான். டென்னிஸ் ஹாப்பர் மரணமாகவே நடித்தார். கானில் படத்துக்கு நல்ல வரவேற்பில்லை. ஆனாலும் பலெர்மோவின் இயல்பை வெண்டர்ஸ் சரியாகப் பிடித்தார்: இந்த ஊரில் காதல் கதை சொல்ல வருகிறவர்களுக்கு மரணம் தானாக வந்து பாத்திரமாகிவிடுகிறது.

நகரை விட்டு மலைப்பக்கம் போனால் பலாட்ஸோ அத்ரியானோ என்ற சிற்றூர் வரும். அல்பேனியாவிலிருந்து வந்தவர்கள் குடியேறிய ஊர். கிரேக்க முறைத் தேவாலயமும் லத்தீன் முறைத் தேவாலயமும் ஒரே சதுக்கத்தைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கும். 'சினிமா பாரடைஸோ'வில் சிறுவன் தோத்தோ ஓடித் திரிந்த சதுக்கம் இதுவே. இயக்குநர் ஜூசெப்பே தொர்னாத்தோரே, பலெர்மோவை ஒட்டிய பகெரியாவில் 1956இல் பிறந்தவர். 1988இல் வந்த படம், 1990இல் அந்நிய மொழிப் படத்துக்கான ஆஸ்கரை வென்றது. ஆங்கிலப் படமில்லைதான், ஆனாலும் ஆங்கிலம் பேசும் உலகத்தைச் சிசிலிக்குக் கூட்டிவந்ததில் அதற்குப் பெரும் பங்கு. சதுக்கத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது தியேட்டர் எங்கே என்று. தியேட்டர், படத்துக்காகப் போட்ட செட். இப்போது இருப்பது படத்தின் நினைவுப் பொருள்களும் புகைப்படங்களும் கொண்ட சிறு அருங்காட்சியகம். ஊர்க்காரர்கள் படத்தைத் தங்கள் குடும்ப ஆல்பம்போல வைத்திருக்கிறார்கள். தோத்தோவாக நடித்த சல்வத்தோரே காஷோ அவர்கள் ஊர்ப் பிள்ளை.

பலெர்மோவில் சினிமா ரசிகர்கள் அதிகம் கூடும் இடம் எது என்றால், தெயாத்ரோ மாஸ்ஸிமோவின் படிக்கட்டு. பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவின் 'தி காட்ஃபாதர் பார்ட் 3' 1990 டிசம்பரில் வெளிவந்தது. மைக்கேல் கோர்லியோனின் மகள் மேரி, தன் உறவினனும் காதலனுமான வின்சென்ட்டைப் பிரிய வேண்டிய வேளையில், இந்தப் படிகளில்தான் தந்தைக்குக் குறிவைத்த குண்டை வாங்கிச் சாய்கிறாள். மைக்கேலாக நடித்த அல் பச்சீனோ வாய் திறந்தும் ஒலி வராமல் அலறும் அந்தக் கணத்தை நடித்துப் பார்க்காமல் ரசிகர்கள் போவதில்லை. அவர்களில் பலருக்குத் தெரியாதது ஒன்று: அந்தப் படப்பிடிப்பு நடந்தபோது மாஸ்ஸிமோ இயங்காத தியேட்டர். ஜொவான் பத்திஸ்தா ஃபிலிப்போ பாசீலே 1875இல் கட்டத் தொடங்கி, அவர் மறைவுக்குப்பின் மகன் எர்னெஸ்தோ முடித்து, 1897 மே மாதம் வெர்தியின் 'ஃபால்ஸ்டாஃப்' ஓபராவோடு திறந்த அரங்கம் அது. 1974இல் பழுதுபார்ப்பதற்காக மூடினார்கள். மூடியது மூடியதுதான். 23 ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. நகராட்சியை ஆண்டவர்களின் கொள்ளைக்கும் அலட்சியத்துக்கும் ஊரறிந்த சின்னமாக அது நின்றது.

1992இல் நீதிபதிகள் ஃபல்கோனேயையும் பொர்செல்லினோவையும் மாஃபியா இரண்டு மாத இடைவெளியில் குண்டுவைத்துக் கொன்றது. பலெர்மோ மக்கள் பால்கனிகளில் வெள்ளைத் துணிகளைத் தொங்கவிட்டு வெளிப்படையாக எதிர்ப்புச் சொன்னார்கள். அந்த எழுச்சியின் தொடர்ச்சியாகத்தான் 1997 மே மாதம் மாஸ்ஸிமோ மறுபடி திறந்தது. 2022இல் வந்த 'தி ஒயிட் லோட்டஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் டான்யா என்ற பாத்திரம் இதே அரங்குக்கு வந்து 'மதாமா பட்டர்ஃப்ளை' பார்த்துக் கண்ணீர் விடுகிறாள். கொப்போலா காலத்தில் கதவு பூட்டிய அரங்கில், இப்போது விளக்கெரிந்து பாட்டு கேட்கிறது. அந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவே ஒரு நகரத்தின் முப்பதாண்டு போராட்டம் இருக்கிறது. வழிகாட்டிகள் அதைச் சொல்லிக் காட்ட வேண்டும். அதே தொடரின் தலைப்புக் காட்சியில் வரும் சுவரோவியங்கள் பலெர்மோவின் வில்லா தாஸ்காவிலிருந்து எடுத்தவை. கதையில் நோத்தோ ஊர் மாளிகையாக வரும் அந்த வில்லா, தோப்புகளுக்கு நடுவே கட்டப்பட்டது. இப்போது நகரின் சுற்றுச்சாலை அதன் வாசலில் ஓடுகிறது. 2025 மார்ச்சில் நெட்ஃப்ளிக்ஸ் 'தி லெப்பர்ட்' கதையை ஆறு பகுதித் தொடராக வெளியிட்டது. அதற்காகவும் பலெர்மோவின் தெருக்கள் இன்னொரு முறை 1860க்குப் போய் வந்தன.

மாஸ்ஸிமோ படிக்கட்டிலிருந்து இறங்கி, பொலித்தெயாமா அரங்கைத் தாண்டி லிபெர்த்தா சாலையில் இருபது நிமிடம் நடந்தால் க்ரோச்சி சதுக்கம் வரும். மாஸ்ஸிமோவைக் கட்டி முடித்த அதே எர்னெஸ்தோ பாசீலே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வில்லா தெலியெல்லாவைக் கட்டினார். இத்தாலியில் 'லிபர்ட்டி' என்று அழைக்கப்படும் கலைப்பாணியின் சிறந்த வீடுகளில் ஒன்று அது. 1959 நவம்பர் 28, சனிக்கிழமை மாலை, இடிப்பு ஆட்கள் வந்தார்கள். வார விடுமுறை, தடுக்க அலுவலகம் எதுவும் திறந்திருக்கவில்லை. விஸ்கோன்ட்டி கேமராவோடு பலெர்மோவுக்கு வருவதற்கு அப்போது மூன்று ஆண்டுகூட இருக்கவில்லை. வீடு போன இடத்தில் வேறு கட்டடம் எழவில்லை. பல பத்தாண்டுகள் கார் நிறுத்துமிடமாகவே இருந்தது. அங்கே எந்தப் படமும் எடுக்கப்படவில்லை என்பதால் சினிமா ரசிகர்கள் யாரும் அங்கே போவதில்லை. கான்ஜி மாளிகையில் தொடங்கும் நடையை மாஸ்ஸிமோ படிக்கட்டோடு முடித்துக்கொள்ளாமல், இந்த வெற்று மனை வரைக்கும் நீட்டிக்க வேண்டும். லங்காஸ்டரின் கோமகன் நடன இரவு முழுக்க எதைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தார் என்பதற்கு நகரத்தில் மிஞ்சியிருக்கும் நேரடிச் சாட்சி அந்த மனைதான்.